விக்கிப்பீடியாவில் எழுத வைத்து இணைய உறவைச் சொல்லிக்கொடுப்பது: ஒரு கொழும்பு வகுப்பின் அனுபவம்

பாமன்கடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் பாடம் எடுக்கிறேன். இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு இணையத்தில் மனித உறவு பற்றி ஓர் அலகு இருக்கிறது. முதல் இரண்டு வருடமும் எல்லோரையும் போலத்தான் எடுத்தேன். போலிக் கணக்கை எப்படி அறிவது, கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதே, தெரியாதவரோடு பேசாதே. பிள்ளைகள் தலையாட்டினார்கள், பரீட்சையில் அப்படியே எழுதினார்கள், வெளியே போய் வழமைபோல் இருந்தார்கள்.

மூன்றாம் வருடம் விரிவுரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, எல்லோரையும் தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கச் சொன்னேன். சிங்களப் பிள்ளைகள் சிங்கள விக்கிப்பீடியாவில். ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கட்டுரையை எடுத்துப் பன்னிரண்டு கிழமை அதோடு இருக்க வேண்டும். கட்டுரைக்குப் புள்ளி கிடையாது. யாரோடு என்ன பேசினாய், எந்த இடத்தில் கோபம் வந்தது, அப்புறம் என்ன செய்தாய் என்று எழுதிவைக்கும் குறிப்பேட்டுக்குத்தான் புள்ளி.

ஏன் விக்கிப்பீடியா என்று கேட்பீர்கள். வட்சப்பில் சண்டை பிடித்தால் செய்தியை அழித்துவிடலாம். முகநூலில் பதிவைத் தூக்கிவிடலாம், ஆளைத் தடுத்துவிடலாம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார், என்ன காரணம் எழுதினார் என்று எல்லாம் வரிசையாகக் கிடக்கும். முன்பின் தெரியாத ஒருவரிடம் தான் பேசிய பேச்சை ஒரு மாதம் கழித்து எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பார்க்க ஒரு பிள்ளைக்கு அங்கே முடிகிறது. அதோடு, பிடிக்காதவரை விட்டு ஓடவும் முடியாது. அவரும் அதே பக்கத்தில்தான் நிற்பார், கட்டுரையும் ஒன்றுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி பாண் பற்றி, அதாவது பேக்கரியில் விற்கும் பிரெட் பற்றி, எழுதினாள். போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்த பெயர், றாத்தல் கணக்கில் விற்பது, காலையிலும் பின்னேரமும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் சூன் பாண் ஓட்டோ என்று நன்றாகத்தான் தொடங்கியிருந்தாள். மறுநாள் பார்த்தால் ‘பாண்’ என்று இருந்த இடமெல்லாம் ‘ரொட்டி’. மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று இரண்டே சொல். எங்களுக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிச் சுடுவது. பிள்ளை கொதித்துப்போய்ப் பழையபடி மாற்றி, ‘தெரியாத விஷயத்தில் கை வைக்க வேண்டாம்’ என்று எழுதினாள். அவர் திரும்ப மாற்றினார். இவளும் திரும்ப மாற்றினாள். வகுப்புக்கு வந்து போனை என் மேசையில் வைத்து, “மிஸ், இந்த ஆள் எங்கட தமிழைத் தமிழே இல்லை என்கிறார்” என்றாள். குரல் நடுங்கியது.

நான் அதில் தலையிடவில்லை. அந்த ஆளுடைய பயனர் பக்கத்தைத் திறந்து வாசித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னேன். அவர் தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற ஒருவர். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது பக்கங்களில் எழுத்துப்பிழை பார்க்கிறவர். பாண் என்றால் அவருக்குச் சங்கப் பாட்டில் வரும் பாணரின் இசைதான் தெரியும். பேக்கரிக் கட்டுரையில் அதைக் கண்டால் பிழை என்று நினைக்காமல் என்ன செய்வார்? அன்று இரவு அவள் உரையாடல் பக்கத்தில் எழுதினாள். எழுதியதை நான்கு தரம் அழித்து எழுதினாளாம். குறிப்பேட்டில் நான்கையும் ஒட்டியிருந்தாள். முதலாவது ஒன்பது வரி, முழுக்கக் குற்றச்சாட்டு. கடைசியில் அனுப்பியது இது: ‘ஐயா, இலங்கையில் இதைப் பாண் என்றுதான் சொல்வோம். ரொட்டி எங்களுக்கு வேறு சாப்பாடு. கடைப் பலகை ஒன்றைப் படம் எடுத்துப் போடட்டுமா?’ இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ‘அறியாமல் மாற்றிவிட்டேன் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொல்லையும் முதல் வரியில் வைப்போம். படம் கட்டாயம் போடுங்கள்.’

அந்த நான்கு வரைவுகளும்தான் எனக்குப் பாடம். வேறு யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? எங்கே சறுக்கும் என்று சொல்லுங்கள்.

வாவிக்கரை

அக்கா, பாண் கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் மட்டக்களப்பில் இருந்து பதினொரு வருடமாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு புதியவர்கள் செய்வதைச் சரிபார்ப்பதுதான் என் இரவு வேலை. வகுப்பு வேலை என்று மாணவர்கள் கூட்டமாக வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒருமுறை ஒரே இரவில் நாற்பது கட்டுரை வந்து விழுந்தது. மறுநாள் ஒப்படை கொடுக்கும் நாளாம். பாதி இயந்திர மொழிபெயர்ப்பு, மீதி எங்கிருந்தோ அப்படியே பெயர்த்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் மூன்று கிழமை துப்புரவு செய்தோம். ஒவ்வொருவருடைய பேச்சுப் பக்கத்திலும் போய் மரியாதையாக எழுதினேன். ஒரு பதில் இல்லை. புள்ளி விழுந்ததும் கணக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2011இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை புனேயில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. பதிப்புரிமை மீறிய கட்டுரைகள் குவிந்து, ஆங்கில விக்கிப்பீடியாத் தன்னார்வலர்கள் துடைத்து மாளாமல், அந்த வருடமே நிறுத்த வேண்டி வந்தது.

உறவு பற்றிய பாடம் என்கிறீர்கள். உறவுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. அந்த ஓய்வுபெற்ற ஐயா, தான் ஒரு வகுப்பின் பயிற்சிக்குள் இருக்கிறோம் என்று அறிந்திருந்தாரா? தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாகக் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்தில் முதலே அறிவித்தீர்களா?

நொய்யல்

நான் கோவை. அந்த ஐயா நான் இல்லை, ஆனால் நானாக இருந்திருக்கலாம். ‘கதிரை’ என்று இருந்ததை ‘நாற்காலி’ என்று மாற்றியிருக்கிறேன். அப்போது பிழை திருத்துகிறோம் என்று முழு மனதோடு நம்பினேன். யாரும் வந்து கேட்கவில்லை. அந்தப் பெண் கேட்டது போல யாராவது கேட்டிருந்தால் ஐந்து வருடம் முன்பே திருந்தியிருப்பேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வகுப்பில் எஸ்ஜே விவகாரத்தை எடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தப் பெயரில் ஒரு பயனர் இருந்தார். இறையியல் பேராசிரியர் என்று பயனர் பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். 2006இல் நியூயோர்க்கர் இதழ் விக்கிப்பீடியா பற்றிய கட்டுரையில் அப்படியே எழுதியது. 2007இல் உண்மை வந்தது. அவருக்கு வயது 24, பேராசிரியர் இல்லை, அந்தப் பட்டங்களும் இல்லை. பொறுப்புகளை விட்டு விலகினார். மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் செய்த ஆயிரக்கணக்கான தொகுப்புகள் பெரும்பாலும் ஒழுங்கானவை, அப்படியென்றால் யாருக்கு என்ன கெட்டது? ஒரு மணி நேரம் போதாது.

கொட்டாஞ்சேனை அப்பா

என் மகள் அடுத்த வருடம் கம்பஸ் போகிறாள். டீச்சர் சொல்வது நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தகப்பனாகக் கேட்கிறேன். முகம் தெரியாத ஆண்களோடு இரவில் உட்கார்ந்து எழுத்தில் பேசச் சொல்வதைப் பாடம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அவளுடைய பெயர், அவள் எந்த நேரம் இருக்கிறாள் என்பதெல்லாம் உலகத்துக்கே தெரியும்படி அல்லவா ஆகிறது?

57ஆம் ஒழுங்கை

அங்கிள், நான் மிஸ்ஸுடைய வகுப்பில் படித்தவள்தான். பாண் எழுதினது நான் இல்லை. நீங்கள் பயப்படுகிற விஷயம் எனக்கு நடந்தது, அதனால் நானே சொல்கிறேன்.

நான் எடுத்தது கொழும்புத் தமிழ்ச் சங்கம் பற்றிய கட்டுரை. சங்கம் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. அங்கே நூலகத்தில் போய் உட்கார்ந்து பழைய மலர்களைப் பார்த்துக் குறிப்பு எடுப்பேன். ஐந்தாம் கிழமை ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில் பாராட்டி எழுதினார். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் நான் எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும் பின்னாலேயே வந்து ஒரு காற்புள்ளியையாவது மாற்றுவார். ஒருநாள், ‘இரவு ஒரு மணிக்கும் தூங்கவில்லையா?’ என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியைப் பார்த்துக் கை குளிர்ந்துவிட்டது. அன்றுதான் என் ‘பயனர் பங்களிப்புகள்’ பக்கத்தை இன்னொருவர் கண்ணால் பார்த்தேன். நான் எத்தனை மணிக்கு எழும்புகிறேன், எந்த நாள் விரிவுரை இல்லை, எப்போது வீட்டில் இருக்கிறேன் என்பதெல்லாம் நேரத்தோடு அதில் இருந்தது. கட்டுரை வேறு, வீட்டு வாசல் வேறு என்று நினைத்திருந்தேன். நான் எழுதிய சங்கமே என் ஒழுங்கையைக் காட்டிக்கொடுக்கிறது என்பது உறைக்கவில்லை.

பிறகு மின்னஞ்சல் வந்தது. விக்கிப்பீடியாவில் பயனருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி இருக்கிறது. அப்படி வரும்போது நம் முகவரி அனுப்புகிறவருக்குத் தெரியாது. நாம் பதில் போட்டால் தெரிந்துவிடும். மிஸ் இதை முதல் கிழமையே சொல்லித்தந்திருந்ததால் நான் பதில் போடவில்லை. மறுநாள் மிஸ்ஸிடம் காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண் நிர்வாகிக்கு எழுதினோம். அவர் அந்த ஆளின் பேச்சுப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி எச்சரித்தார், ஆள் அடங்கினார். நான் மின்னஞ்சல் வசதியையும் நிறுத்திவிட்டேன்.

வட்சப்பில் இதே மாதிரி ஒருவர் எனக்கு முன்பும் எழுதியிருக்கிறார், அங்கிள். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என்னைத்தான் பிழை சொல்வார்கள் என்று பயம். இங்கே எல்லாம் வரலாற்றில் எழுத்தாகக் கிடந்தது, யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. இப்போது வேலை இடத்தில் ஒருவர் எல்லை தாண்டினால் என்ன வசனம் சொல்வது என்று எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை அப்பா

மகள், நீங்கள் இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. என் மகளிடம் இதை வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். என்னிடம் வந்து சொல்வாள் என்று இதுவரை நினைத்திருந்தேன். உங்கள் கடைசிப் பந்தியைப் படித்த பிறகு அதை அவளிடம் கேட்கத்தான் வேண்டும்.

பாமன்கடை

வாவிக்கரை தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். இப்படிச் செய்த முதல் வருடம் ஆலமரத்தடியில் அறிவிக்கவில்லை. அந்த ஐயாவுக்கும் தெரியாது. அது என் பிழை. தவணை முடிந்த பிறகு மாணவியும் நானும் அவருக்கு எழுதி விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, ஆனால் ‘முதலே சொல்லியிருந்தால் இன்னும் பொறுமையாக எழுதியிருப்பேனே’ என்றார். அது எனக்கு நன்றாகத் தைத்தது.

இரண்டாம் முறையில் இருந்து இரண்டு கிழமை முன்பே ஆலமரத்தடியில் எழுதுகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் பயனர் பக்கத்திலும் இது ஒரு வகுப்பின் கணக்கு என்று ஒரு வரி இருக்கும். சொந்தப் பெயர், பிறந்த வருடம், படம் எதுவும் பயனர் பெயரிலோ பக்கத்திலோ வரக்கூடாது. 57ஆம் ஒழுங்கைக்கு நடந்த பிறகு, சொந்த வீதியையும் பழைய பள்ளிக்கூடத்தையும் எடுக்க விடுவதில்லை. வெள்ளவத்தைப் பிள்ளை மட்டக்குளியைப் பற்றி எழுதட்டும். தொலைபேசி எண் போன்றது தப்பித் தவறிப் பக்கத்தில் ஏறிவிட்டால் நிர்வாகியிடம் சொல்லி அந்தப் பதிப்பை மறைக்க முடியும் என்பதையும் முதல் நாளே காட்டுகிறேன்.

முதல் மூன்று கிழமை புதுக் கட்டுரை இல்லை. வேறொருவர் எழுதியதற்கு மேற்கோள் தேடிக் கொடுப்பதுதான் வேலை. இலங்கைத் தமிழ் விஷயம் என்றால் நூலகம் தளத்தில் பழைய பத்திரிகையும் மலரும் எண்ணிமப்படுத்தியிருப்பது கிடைக்கும். 2005இல் இருந்து தன்னார்வலர்கள் சேர்த்த சேகரம் அது. அந்நியர் ஒருவருடைய கட்டுரைக்கு ஆதாரம் தேடிக் கொடுத்த பிள்ளை, அவரோடு முதல் பேச்சைச் சண்டையில் தொடங்குவதில்லை. இதை நான் மூன்று வகுப்பிலும் கண்டேன்.

நொய்யல் சொன்ன எஸ்ஜே விவகாரத்தைப் போன தவணை எடுத்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தொகுப்பு சரியென்றால் பட்டம் எதற்கு, விக்கிப்பீடியா யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லையே என்றார்கள் பாதிப் பேர். அப்போது பின்வரிசையில் ஒரு பையன், அதிகம் பேசாத பிள்ளை, எழும்பிச் சொன்னான்: “அவர் பேராசிரியர் என்று நம்பி வாக்குவாதத்தில் விட்டுக்கொடுத்தவர்கள் இருப்பார்கள் மிஸ். கட்டுரை சரியாக இருக்கலாம். அவர்களை அல்லவா ஏமாற்றினார்.” அந்த விவகாரத்தில் எஸ்ஜே தன் பட்டத்தை வாக்குவாதங்களிலும் எடுத்துக் காட்டியிருக்கிறார் என்பதை நான் அதற்குப் பிறகுதான் வகுப்பில் சொன்னேன்.

தேயிலைச்சாரல்

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன், தங்கை கொழும்பில் படிக்கிறாள். இரண்டு விஷயம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு மடிகணினி இல்லை. போனில் விக்கிப்பீடியா தொகுப்பது சிரமம், டேட்டாவும் காசு. குறிப்பேட்டுக்குப் புள்ளி என்றால் அதிக நேரம் இணையத்தில் இருக்கக்கூடிய பிள்ளைதான் முன்னுக்கு வரும். அதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, சிங்களப் பிள்ளைகள் சிங்கள விக்கிப்பீடியாவில், தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் என்றால் ஒரே வகுப்பில் இருந்துகொண்டு அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லையே? இந்த நாட்டில் பழக வேண்டிய அந்நியர் அவர்கள்தானே. 1983 இனக்கலவரம் பற்றி, 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தது பற்றி இரண்டு மொழியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து வாசிக்கலாமே.

பாமன்கடை

முதலாவது நியாயம். எத்தனை மணி நேரம் இருந்தாய் என்று நான் பார்ப்பதில்லை, ஆனாலும் நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். வரும் தவணை கிழமைக்கு இரண்டு மணி நேரம் கணினி ஆய்வுகூடத்தை இதற்கென்றே ஒதுக்கக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவதைக் கொஞ்சம் பயத்தோடுதான் தொட்டேன். போன வருடம் ஒரு சிங்கள மாணவியையும் ஒரு தமிழ் மாணவனையும் சேர்த்து, ஒரே பொருளை இரண்டு மொழியிலும் எழுத விட்டேன். எடுத்தது கொழும்புத் துறைமுகம். அதற்குள்ளும் எந்த வருடத்தில் கதையைத் தொடங்குவது என்று இரண்டு கிழமை இழுபட்டார்கள். நூலக எரிப்பை ஐந்தாம் கிழமையில் கொடுத்தால் இருபது வயதுப் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று நினைக்கிறேன். தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு எனக்கும் பயிற்சி இல்லை. தொகுக்காமல், சேர்ந்து உட்கார்ந்து உரையாடல் பக்கங்களை வாசிப்பது முடியும். பத்தாம் கிழமையில் அதை வைக்கலாம்.

வாவிக்கரை

அக்கா, அதற்கு ஒரு நல்ல வாசிப்பு இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ‘இலங்கை நல்லிணக்க விக்கித்திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எதிரெதிர்ப் பக்கத்தவர்கள், ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு பக்கத்தில் வந்து பேசினார்கள். எந்த ஊடகத்தை அப்படியே மேற்கோள் காட்டலாம், எதை இன்ன பக்கம் சார்ந்தது என்று சொல்லிக் காட்ட வேண்டும் என்று பட்டியல் போட்டு வாதாடினார்கள். அந்த உரையாடல்கள் இன்றைக்கும் கிடக்கின்றன. சில இடங்களில் சூடு பறக்கும். ஆனால் அடுத்த நாளும் அதே ஆட்கள் வந்திருப்பார்கள். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டு அதை வாசிக்க வேண்டும்.

அதோடு மூன்று முறை விதியையும் சொல்லிக்கொடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தரத்துக்கு மேல் மற்றவர் செய்த மாற்றத்தை மீளமைத்தால், அதாவது பழையபடி ஆக்கினால், கணக்கைத் தடுக்கலாம். உன் பக்கம் சரியா பிழையா என்று அந்த விதி பார்ப்பதில்லை. சின்ன வயதில் எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இப்போது வீட்டிலும் அதைத்தான் பின்பற்றுகிறேன். மூன்றாம் தரம் சொல்லியும் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்குப் பேசுவோம் என்று எழும்பிவிடுவேன்.

நொய்யல்

ஒரு சின்ன விஷயம், பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிட வேண்டாம். வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்தில் ‘நன்றி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, 2013இல் வந்தது. யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பது பதிவேட்டில் எல்லோருக்கும் தெரியும், எந்தத் தொகுப்புக்கு என்பது மட்டும் தெரியாது. நான் பல மாதம் யாருக்கும் அறிமுகம் இல்லாமல் தனியாக எழுதிக்கொண்டிருந்தேன். முதல் நன்றி வந்த அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அனுப்பியவர் உங்கள் நாட்டுக்காரர். இன்றுவரை அவர் முகம் தெரியாது, வாரம் ஒருமுறையாவது பேசிக்கொள்கிறோம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதிகம் சுமந்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான மயூரநாதன். அமீரகத்தில் இருந்தபடி எழுதினார். கூட வந்து சேர்ந்தவர்கள் இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறி இருந்தார்கள். அவர்கள் பழைய பேச்சுப் பக்கங்களில் ஒருவரை ஒருவர் எப்படி அழைத்தார்கள், எப்படி மறுத்தார்கள் என்பதை மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

பாமன்கடை

எல்லோருக்கும் நன்றி. ஆய்வுகூடம் செவ்வாய் பின்னேரம் கிடைத்துவிட்டது. இருபத்தாறு பிள்ளைகள், அதில் ஒன்பது பேர் சிங்கள விக்கிப்பீடியாவில். பத்தாம் கிழமைக்கு நல்லிணக்கத் திட்டத்தின் உரையாடல்களில் இரண்டைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். 57ஆம் ஒழுங்கை முதல் கிழமையே வந்து பங்களிப்புகள் பக்கத்தைப் பற்றிப் பேசச் சம்மதித்திருக்கிறாள். தமிழ்ப் பக்கத்தில் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். தம்பி, உங்களால் முடியுமா? முடியாது என்றாலும் தாராளமாகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

வாவிக்கரை

செவ்வாய் இரவு எட்டுக்குப் பிறகு எனக்குச் சரி. ஆலமரத்தடியில் அறிவிப்பைப் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கணக்குகளைக் கவனிப்பில் வைத்துக்கொள்கிறேன். முதல் கிழமை அவர்கள் எதை உடைத்தாலும் உடனே மீளமைக்க மாட்டேன். ஒரு நாள் பொறுத்து, பேச்சுப் பக்கத்தில் போய்க் கேட்கிறேன்.